3,480 டாலர் போய்விட்டது: ஆஸ்திரேலியாவில் அடிலெய்டிலிருந்து பெர்த்துக்கு கேம்பர்வேன் எடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

நேற்று இரவு பதினொரு மணிக்கு அந்த மின்னஞ்சல் வந்தது. "உங்கள் புகார் பரிசீலிக்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது." அவ்வளவுதான், கீழே ஒரு பெயர்கூட இல்லை. 3,480 டாலர்! தூக்கம் வரவில்லை, உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பழைய வேன்களை வாங்கி, படுக்கையும் அடுப்பும் வைத்து, பெரிய கம்பெனிகளைவிடக் குறைந்த வாடகைக்கு விடுகிற ரகம். என்னென்ன செய்ய வேண்டும் என்று கடைசியில் விளக்கமாக எழுதுகிறேன்.

ஜூலைப் பள்ளி விடுமுறை. நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். அடிலெய்டிலிருந்து போர்ட் அகஸ்டா, செடூனா, நலர்போர் சமவெளியைக் கடந்து நார்ஸ்மன், அங்கிருந்து தெற்கே எஸ்பரன்ஸ் கடற்கரை, அப்புறம் பெர்த். சுமார் 2,900 கிலோமீட்டர், ஒன்பது நாள். மூன்று வருடமாகப் பேசிப் பேசித் தள்ளிப்போட்ட பயணம்.

கவுன்டரில் இருந்தவர் அவ்வளவு தன்மையாகப் பேசினார். சின்னவனுக்குக் கங்காரு ஸ்டிக்கர் கொடுத்தார். எந்த ரோடுஹவுஸில் (நெடுஞ்சாலையோரம் எரிபொருளும் தங்குமிடமும் தரும் இடம்) டீசல் விலை அதிகம், எங்கே தண்ணீர் பிடிக்கலாம் என்று வரைபடத்தில் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டினார். 'முழுப் பாதுகாப்பு' என்று நாளுக்கு 38 டாலர் கூடுதலாகக் கட்டச் சொன்னார். கட்டினேன். வண்டியை நான்கு பக்கமும் போட்டோ எடுத்துவிட்டு, "மேலேயும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறேன், ஏணி இருக்கிறதா?" என்று கேட்டேன். அவர் என் தோளில் கை வைத்து, "மேலே எல்லாம் யாரும் பார்க்க மாட்டார்கள் மேட், எங்கள் கம்ப்யூட்டரில் எல்லாம் பதிவாகியிருக்கிறது" என்றார். தன் சொந்த நம்பரையும் கார்டின் பின்னால் எழுதிக் கொடுத்தார். நான் போனைச் சட்டைப் பையில் போட்டேன். அந்த ஒரு நொடியை எத்தனை முறை நினைத்துப் பார்த்தேனோ!

மூன்றாம் நாள், செடூனாவுக்கு மேற்கே கடலோரத்தில் திமிங்கிலங்களைப் பார்த்துவிட்டு நலர்போர் ரோடுஹவுஸில் தங்கினோம். பொழுது சாய்ந்த பிறகு ஓட்டக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, அந்நேரத்தில்தான் கங்காருக்கள் ரோட்டுக்கு வரும். நாங்கள் ஒருநாளும் மீறவில்லை. ராத்திரி மழை. இரண்டு மணிக்குப் பெரியவள் எழுந்து, "அப்பா, தலையணை நனைஞ்சிருக்கு" என்றாள். கூரையில் இருக்கிற பிளாஸ்டிக் ஜன்னல் வழியாகச் சொட்டுகிறது. விடிந்ததும் ரோடுஹவுஸில் ஏணி கேட்டு மேலே ஏறினேன். ஜன்னலின் குறுக்கே ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். அதன்மேல் டேப் ஒட்டியிருந்தது, வெயிலில் மஞ்சளாகி, ஓரத்துப் பசையில் சிவப்பு மண் அப்பி இறுகிப்போய். நாங்கள் அதுவரை தார் ரோட்டைவிட்டு இறங்கவே இல்லை. வேறு யாரோ, எப்போதோ, செம்மண் பாதையில் ஓட்டிய வண்டி அது.

மாநில எல்லையைத் தாண்டி யூக்லா என்ற ஊருக்குப் போய், கவுன்டர்காரர் கொடுத்த அந்தச் சொந்த நம்பருக்குப் போன் போட்டேன். "அது பழசுதான், டேப் போட்டுக்கொள்ளுங்கள், பெர்த்தில் பார்த்துக்கொள்வார்கள்" என்றார். மனைவி பக்கத்தில் நின்று, "ஏங்க, அதை எழுத்துல அனுப்பச் சொல்லுங்க" என்றாள். நான் கேட்கவில்லை. அவள் சொன்னதுதான் சரி.

மற்றபடி பயணம் அருமை, அதை மறைக்க மாட்டேன். மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் பழமும் தேனும் கொண்டுபோக முடியாது என்பதால் எல்லைச் சோதனைச் சாவடிக்கு முன்னால் ஓரமாக நிறுத்தி, நாலு பேரும் ஒன்பது ஆரஞ்சைத் தின்று தீர்த்தோம். சின்னவன் சட்டையெல்லாம் சாறு. யூக்லாவில் உள்ளூர் நேரம் மாறி, கடிகாரம் முக்கால் மணி பின்னால் போனதும், "அப்போ மதியச் சாப்பாடு ரெண்டு தடவையா?" என்று கேட்டான். கைகூனாவுக்கும் பல்லடோனியாவுக்கும் நடுவே 146.6 கிலோமீட்டர், ஒரு வளைவு கிடையாது. அதில் முதலில் வளைவைப் பார்க்கிறவருக்கு ஐஸ்கிரீம் என்று பந்தயம் கட்டினோம். மனைவி ஜெயித்தாள்.

பெர்த் கடையில் வந்த பெண் வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. டயரைப் பார்க்கவில்லை, உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து நேராகக் கூரைக்கு ஏறினார். எங்கே பார்க்க வேண்டும் என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது! இறங்கி வந்து, "கூரை சேதம், முன்பணத்தில் பிடிப்போம்" என்றார். முழுப் பாதுகாப்பு கட்டியிருக்கிறேனே என்றால், ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கத்தைக் காட்டுகிறார்: கூரையும் அடிப்பாகமும் அதில் சேராது. ஜன்னல் மாற்ற, கூரை சரிசெய்ய, வண்டி ஓடாத நாட்களுக்கு என்று மொத்தம் 3,480 டாலர்.

அப்புறம் ஆறு வாரம் அலைக்கழிப்பு. அடிலெய்டில் கேட்டால் பெர்த்தைக் கேள் என்றார்கள். பெர்த்தில் தலைமை அலுவலகத்துக்கு எழுது என்றார்கள். அங்கிருந்து பத்து வேலைநாள் பொறுங்கள் என்று பதில், பொறுத்தால் மறுபடி அதே பதில். டேப் போட்டோவை அனுப்பினேன். "படம் வாடகைக் காலத்தில் எடுக்கப்பட்டது, ஆகவே சேதமும் வாடகைக் காலத்தில் நேர்ந்தது" என்று எழுதுகிறார்கள். பசையில் ஊறிய மண்ணைப் பற்றிக் கேட்டதற்குப் பதிலே இல்லை. சொந்த நம்பர் கொடுத்தவர் இப்போது போனை எடுப்பதில்லை. 3,480 டாலர், என் மனைவி கூடுதல் ஷிப்ட் பார்த்துச் சேர்த்த பணம்.

விளக்கமாக எழுதுகிறேன் என்றேன், மணி இரண்டாகிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். கூரையையும் அடிப்பக்கத்தையும் வீடியோ எடுக்காமல் சாவியை வாங்காதீர்கள். ஏணி தரமாட்டேன் என்றால் வேறு கடை பாருங்கள். 'முழு' என்று எது சொன்னாலும் எது சேராது என்கிற பக்கத்தை அங்கேயே நின்று படியுங்கள். வழியில் ஏதாவது கண்ணில் பட்டால் போனில் பேசாதீர்கள், அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள்.

வங்கியில் அந்தத் தொகையை எதிர்த்துப் படிவம் போட்டிருக்கிறேன், நுகர்வோர் பாதுகாப்புக்கும் எழுதப் போகிறேன். பதில் வந்தால் இங்கேயே சேர்க்கிறேன்.