ரிசீவர் மாறிய மவுஸ்: பழியை லேப்டாப் மேல் போட்டார்கள்

புதிதாக வாங்கிய ஒரு வயர்லெஸ் மவுஸால் பதினொரு நாட்களையும் ஒரு சர்வீஸ் கட்டணத்தையும் இழந்திருக்கிறேன். இன்னொருவர் இப்படி அலையக்கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

பக்க வடிவமைப்பு என் தொழில். நாள் முழுக்க டச்பேடைத் தேய்த்து மணிக்கட்டு வலி பொறுக்க முடியாமல் போனபோது இணையத்தில் மவுஸை வரவழைத்தேன். பேட்டரியைப் போட்டு, மவுஸின் சிக்னலை வாங்கும் சிறிய யூஎஸ்பி துண்டான ரிசீவரை லேப்டாப்பில் செருகினேன். மவுஸின் அடியில் சிவப்பு விளக்கு எரிந்தது. கருவி தயார் என்று லேப்டாப்பும் அறிவித்தது. அம்புக்குறி மட்டும் இம்மியும் நகரவில்லை. வேறு பேட்டரி போட்டேன். மூன்று யூஎஸ்பி துளைகளிலும் மாற்றி மாற்றிச் செருகினேன். ஒன்றும் நடக்கவில்லை.

விற்பனையாளரின் உதவி எண்ணில் பேசிய இளைஞர், லேப்டாப்பில் உள்ள கருவிகளைப் பட்டியலிட்டுக் காட்டும் டிவைஸ் மேனேஜரைத் திறக்கச் சொன்னார்.

“மவுஸ் என்று காட்டுகிறதா மேடம்?”

“காட்டுகிறது.”

“அப்படியானால் மவுஸ் நன்றாக இருக்கிறது. கோளாறு உங்கள் லேப்டாப்பில்தான். பொருளைத் திரும்பப் பெற முடியாது.”

அந்தப் பேச்சை நம்பிவிட்டேன். அங்கே தெரிவது மவுஸே இல்லை, ரிசீவர். மவுஸ் பெட்டிக்குள்ளேயே கிடந்தாலும் ரிசீவரைச் செருகியதும் அந்த வரி வந்துவிடும், ஏனென்றால் லேப்டாப்பிடம் தன்னை மவுஸ் என்று சொல்லிக்கொள்வது ரிசீவர்தான். அதற்கும் நம் கையில் இருக்கும் மவுஸுக்கும் இடையே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நடக்கும் தொடர்பு தனி. இந்த வகை மவுஸ்களில் இரண்டையும் தொழிற்சாலையிலேயே ஜோடி சேர்த்து அனுப்புகிறார்கள். ஜோடி மாறிவிட்டால் ஒன்றின் பேச்சு மற்றொன்றின் காதில் விழாது. இது உதவி எண்ணில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

சர்வீஸ் கடையில் நடந்ததை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை. விண்டோஸில்தான் பிரச்சினை என்று சொல்லி முழுவதையும் அழித்து மறுபடி ஏற்றினார்கள். கோப்புகளின் நகல் என்னிடம் இருந்தது. ஆனால் பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த தமிழ் எழுத்துருக்களை ஒவ்வொன்றாகத் தேடி நிறுவ ஒரு நாள் முழுக்கப் போயிற்று. அதன் பிறகும் மவுஸ் அசையவில்லை. உடனே, “மதர்போர்டு போயிருக்கும், மாற்ற வேண்டும்” என்றார்கள். அதுவரைக்கும் ஆன கட்டணத்தைக் கொடுத்துவிட்டு லேப்டாப்பைத் திரும்ப வாங்கிவந்தேன்.

அலுவலகத் தோழி ஒருத்தி ஐந்து நிமிடத்தில் விஷயத்தைக் கண்டுபிடித்தாள். தன் மவுஸின் ரிசீவரை என் லேப்டாப்பில் செருகினாள், அம்புக்குறி ஓடியது. என் மவுஸையும் ரிசீவரையும் தன் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தாள், அசைவில்லை. லேப்டாப் மேல் குற்றமில்லை என்பது அத்தோடு உறுதியானது. கடைக்காரர் கட்டணம் கேட்பதற்கு முன் செய்திருக்க வேண்டிய சோதனை இது.

பிறகு ரிசீவரை மேசை விளக்கின் கீழே பிடித்தோம். விரல்நகம் அளவுதான். அதன் உலோகப் பகுதியில், பலமுறை செருகி எடுத்ததில் விழும் நேர்க்கோட்டுக் கீறல்கள். பிளாஸ்டிக் முனையில் பாதி தேய்ந்த சின்னம், அதுவும் மவுஸில் இருப்பதல்ல, வேறொரு நிறுவனத்தின் சின்னம். (மவுஸிலும் ரிசீவரிலும் மாடல் எண் வேறுவேறாக இருப்பது இயல்பு, அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். நிறுவனமே வேறாக இருக்கக்கூடாது.) பெட்டியை எடுத்துப் பார்த்தால், சீல் ஒட்டியிருந்த இடத்தில் பழைய ஸ்டிக்கரின் பசை. யாரோ திருப்பி அனுப்பிய பெட்டி. அதைச் சரிபார்க்காமல், மேலே புது ஸ்டிக்கர் ஒட்டிப் புதியது என்று எனக்கு விற்றிருக்கிறார்கள்.

எந்த ரிசீவரையும் மென்பொருளால் சேர்த்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். லாஜிடெக் நிறுவனம் 2009இல் கொண்டுவந்த யூனிஃபையிங் ரிசீவர் 6 கருவிகள் வரை சேர்த்துக்கொள்ளும், உண்மைதான். ஆனால் யூனிஃபையிங்கின் ஆரஞ்சு நிறச் சின்னம் உள்ள கருவிகளை மட்டும். என் மவுஸ் அந்த வகையில்லை. ப்ளூடூத்தும் அதில் கிடையாது. சரியான ரிசீவர் இல்லாத வரை அது வெறும் பிளாஸ்டிக் துண்டு.

பெட்டியைத் திறக்கும்போது வீடியோ எடுத்தீர்களா என்று விற்பனையாளர் தரப்பில் இப்போது கேட்கிறார்கள். எடுக்கவில்லை. நீங்கள் எடுங்கள்: சீலை நெருக்கமாகக் காட்டிவிட்டுப் பிரியுங்கள், ரிசீவரை வெளியே எடுத்து இரண்டு பக்கமும் காட்டுங்கள். சிலவற்றில் அது பேட்டரி மூடிக்குள் செருகி வைக்கப்பட்டிருக்கும், அங்கேயும் பாருங்கள். வேலை செய்யாவிட்டால் லேப்டாப்பை யார் கையிலும் கொடுப்பதற்கு முன் வேறொரு லேப்டாப்பில் போட்டுப் பாருங்கள்.

கீறல்களும் இரண்டு சின்னங்களும் தெளிவாகத் தெரியும் படங்களோடு நேற்று மூன்றாவது புகாரை அனுப்பினேன். இன்னும் பதில் இல்லை. மவுஸ், அந்த வேற்று ரிசீவர், பசை ஒட்டிய பெட்டி, சர்வீஸ் ரசீது எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வைத்திருக்கிறேன்.