ஒரு கடை, இரண்டு கிட்டங்கி: லினக்ஸ் மின்டின் மென்பொருள் மேலாளர்

விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு வருகிறவர் பழக்கதோஷத்தில் முதலில் பிரவுசரைத் திறந்து 'விஎல்சி டவுன்லோட்' என்று தேடுவார். அந்தப் பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிட்டால் பாதித் தொல்லை இல்லை. லினக்ஸில் மென்பொருள் ஊர் ஊராக அலைந்து வாங்கும் பொருள் அல்ல. லினக்ஸை நிறுவத் தயாரான தொகுப்பாகத் தரும் விநியோகத்தைத் தயாரிப்பவர்களே சோதித்துக் கையொப்பமிட்டு அடுக்கிவைத்த களஞ்சியம் ஒன்று இருக்கிறது, அதில் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அந்தக் களஞ்சியத்துக்கு லினக்ஸ் மின்ட் என்ற விநியோகம் வைத்திருக்கும் முகப்புக் கடை, மென்பொருள் மேலாளர். இங்கே பார்ப்பது மின்ட் 22 வரிசையில் சினமன் மேசைத்தளத்தோடு வருவதை. அடித்தளம் இன்னொரு விநியோகமான உபுண்டு 24.04, பாதுகாப்பு மேம்பாடுகள் 2029 வரை.

நிறுவுவதில் குறை சொல்ல அதிகமில்லை. மெனுவில் திறந்து, பெயரைத் தட்டி, 'நிறுவு' என்ற பொத்தானை அழுத்தி, கடவுச்சொல் கொடுத்தால் முடிந்தது. 22 வந்தபோது கடை திறக்கும் வேகத்தையும் கூட்டியிருக்கிறார்கள். நட்சத்திர மதிப்பீடுகளை மட்டும் கொஞ்சம் தள்ளியே வைக்கலாம். பல செயலிகளின் கீழே இருக்கும் விமர்சனங்கள் எத்தனையோ பதிப்புகளுக்கு முந்தையவை. இன்றைய பதிப்பு எப்படி என்பதற்கு அவை சாட்சி ஆகாது.

கடையின் உண்மையான சூட்சுமம் நிறுவு பொத்தானுக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய தேர்வுப் பட்டியலில் இருக்கிறது. பல செயலிகளுக்கு அங்கே இரண்டு வரிகள் தெரியும்: ஒன்று கணினிப் பொதி, மற்றது பிளாட்பேக். கடை ஒன்று, பின்னால் கிட்டங்கி இரண்டு. புதியவர்கள் பெரும்பாலும் இந்தப் பட்டியலைக் கவனிப்பதே இல்லை. பிறகு நீக்கும்போதுதான் குழப்பம் தலைகாட்டுகிறது.

கணினிப் பொதி என்பது டெபியன் என்ற மூல விநியோகத்தின் வழிவந்த டெப் கோப்பு. அது சார்ந்திருக்கும் நூலகங்களை மற்றச் செயலிகளோடு பகிர்ந்துகொள்ளும். அதனால் அளவு சிறியது, சட்டென்று திறக்கும். ஆனால் பதிப்பு பெரும்பாலும் உறைந்து நிற்கும். உபுண்டு 24.04 வெளியானபோது இருந்த, படம் திருத்தும் செயலியான ஜிம்ப் 2.10 தான் இன்றும் அங்கே கிடைக்கும். ஜிம்ப் 3.0 வெளிவந்தது 2025 மார்ச்சில். அது வேண்டுமென்றால் பிளாட்பேக் பக்கம் போகவேண்டும். பிளாட்பேக் தன் நூலகங்களைத் தானே மூட்டைகட்டி எடுத்துவரும். முதல் பிளாட்பேக்கை நிறுவும்போது செயலியோடு 'ரன்டைம்' என்ற அடித்தளமும் சேர்ந்து இறங்குவதால், சிறிய செயலிக்கே சில நூறு எம்பி போய்விடும். அடுத்த செயலி அதே ரன்டைமைப் பயன்படுத்தினால் அந்தச் செலவு மறுபடி இல்லை. மொபைல் டேட்டாவில் ஓட்டுகிறவர்கள் 'நிறுவு' அழுத்தும் முன் அளவைப் பார்த்துவிடுவது நல்லது.

எதை எப்போது எடுப்பது? அன்றாடக் கருவிகள், அச்சுப்பொறி சார்ந்தவை, எழுத்துருக்கள், உள்ளீட்டு முறைகள் எல்லாம் கணினிப் பொதியாகவே இருக்கட்டும். புதிய பதிப்பு கட்டாயம் தேவைப்படும் ஓரிரு பெரிய செயலிகளுக்கு மட்டும் பிளாட்பேக். 40 ஜிபி பிரிவில் மின்டை நிறுவிவிட்டு எல்லாவற்றையும் பிளாட்பேக்காக எடுக்கிறவர் சில மாதத்தில் 'இடமில்லை' என்ற அறிவிப்பைப் பார்ப்பார்.

மின்ட் 22 செய்த ஒரு மாற்றத்தைப் பாராட்டியே ஆகவேண்டும். சரிபார்க்கப்படாத பிளாட்பேக்குகளை அது இயல்பாகவே மறைத்துவிடுகிறது. பிளாட்பேக்குகள் கிடைக்கும் பிளாட்ஹப் தளத்தில் ஒரு செயலியை அதை உருவாக்கியவரே ஏற்றவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, வேறு யாரோ கட்டியும் ஏற்றலாம். கூகுள் குரோமின் பிளாட்பேக்கே கூகுள் கட்டியது அல்ல. நல்லெண்ணத்தில் கட்டியவர்கள்தான் பெரும்பாலோர், ஆனாலும் கடவுச்சொல் தட்டும் பிரவுசரை அப்படி எடுப்பது சரியில்லை. கடையின் விருப்பத்தேர்வுகளில் ஒரு சுவிட்சைத் தட்டினால் மறைத்தவை தெரியும். அது இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அப்படியே விட்டுவிடுங்கள்.

மூன்றாவது கிட்டங்கியான, உபுண்டுவின் ஸ்னாப் இங்கே கிடையாது. 2020இல் வந்த மின்ட் 20 முதல் அதை இயல்பாகவே தடுத்துவைத்திருக்கிறார்கள். உபுண்டுவில் ஆப்ட் என்ற பொதி நிறுவும் கட்டளை வழியாகக் குரோமியம் பிரவுசரைக் கேட்டால் கைக்கு வருவது ஸ்னாப். கேட்டது ஒன்று, கொடுப்பது ஒன்று என்பதுதான் மின்ட்காரர்களின் புகார். அதனால் குரோமியத்தையும், பின்னர் தண்டர்பேர்ட் அஞ்சல் செயலியையும் தாங்களே டெப் பொதியாகக் கட்டித் தருகிறார்கள்.

தமிழுக்குத் தேவையானவையும் இதே களஞ்சியத்தில்தான் இருக்கின்றன, ஆனால் சின்னச் சின்னப் பொதிகளாகச் சிதறி. அவற்றைத் தேட மென்பொருள் மேலாளரைவிடக் கூடவே வரும் சினாப்டிக் என்ற பொதி மேலாளர் கைகொடுக்கும். பார்க்கப் பழைய ரேஷன் கடைப் பதிவேடு மாதிரி இருந்தாலும் எதையும் ஒளிக்காது. தமிழ்99 தட்டச்சுக்கு ஐபஸ்-எம்17என், எழுத்துருக்களுக்கு ஃபான்ட்ஸ்-டேம்ல், படத்திலிருந்து தமிழ் எழுத்தைப் பிரித்தெடுக்க டெசரேக்ட் வரிசையில் 'டாம்' என்று முடியும் பொதி. பெயர்களை ஆங்கிலத்தில் தேடவேண்டும். உள்ளீட்டு முறையை நிறுவியதும் ஒருமுறை வெளியேறி மறுபடி உள்நுழையாமல் விசைப்பலகை வரவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

கடையில் இல்லாத செயலியின் தளத்திலிருந்து டெப் கோப்பு இறக்குவது சில சமயம் தவிர்க்க முடியாதது. இரட்டைச் சொடுக்கில் அது நிறுவப்படும். 22.1 முதல் இந்த வேலையைக் 'கேப்டன்' என்ற புதிய கருவி செய்கிறது, முன்பு ஜிடெபி செய்தது. 'சார்பு நிறைவேறவில்லை' என்று நின்றால் பெரும்பாலும் அந்தக் கோப்பு வேறொரு உபுண்டு பதிப்புக்குக் கட்டப்பட்டது. கட்டாயப்படுத்தி நுழைக்காமல் 24.04க்கான கோப்பைத் தேடுங்கள். சில டெப் கோப்புகள் தங்கள் நிறுவனத்தின் களஞ்சியத்தையும் உங்கள் பட்டியலில் சத்தமில்லாமல் சேர்த்துவிடும். மேம்பாடுகள் தானாக வர அது உதவும். செயலியை நீக்கிய பிறகும் களஞ்சியம் தங்கியிருந்தால், 'மென்பொருள் மூலங்கள்' கருவியில் கூடுதல் களஞ்சியங்கள் பக்கத்துக்குப் போய் எடுத்துவிடலாம்.

இப்போது நீக்கும் பக்கம். கடையின் பலவீனம் இங்கேதான். சினமன் மெனுவில் செயலியின் மேல் வலச்சொடுக்கு செய்து 'நிறுவல்நீக்கு' கொடுத்தால் போதும், அவ்வளவு சுலபம். பிளாட்பேக்கை நீக்கக் கடவுச்சொல்கூடக் கேட்பதில்லை. ஆனால் என்ன போகிறது, என்ன தங்குகிறது என்பதைக் கடை விளக்குவதில்லை.

தங்குபவை மூன்று வகை. முதலாவது, ஈடிசி அடைவில் கணினி அளவிலான அமைப்புக் கோப்புகள். ஆப்டில் 'ரிமூவ்' கொடுத்தால் இவை தங்கும், 'பர்ஜ்' கொடுத்தால் போகும். இரண்டாவது, அந்தச் செயலிக்காக மட்டும் வந்த சார்புப் பொதிகள். இவற்றை 'ஆட்டோரிமூவ்' கூட்டிப்பெருக்கும். மூன்றாவது, உங்கள் ஹோம் அடைவுக்குள் இருக்கும் அமைப்புகளும் தரவும். இதை எந்த ஆப்ட் கட்டளையும் தொடாது, பர்ஜும்கூட. இது குறை அல்ல, வேண்டுமென்றே வைத்த விதி: பயனரின் அடைவில் பொதி மேலாண்மை கைவைக்கக் கூடாது. ஒரு செயலி கோளாறு செய்கிறதென்று நீக்கி மறுபடி நிறுவினாலும் அதே கோளாறு தொடர்வதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். பழைய அமைப்பு ஹோமில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. கோப்பு மேலாளரில் கண்ட்ரோலும் ஹெச்சும் சேர்த்து அழுத்தினால் புள்ளியில் தொடங்கும் மறைந்த அடைவுகள் தெரியும். புள்ளி-கான்ஃபிக் அடைவுக்குள் அந்தச் செயலியின் அடைவை அழிக்காமல் பெயர் மட்டும் மாற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். சரியானால் காரணம் தெரிந்தது, ஆகாவிட்டால் பழைய பெயரைத் திரும்ப வைத்துவிடலாம்.

பிளாட்பேக் தன் தரவை ஹோமில் புள்ளி-வார் அடைவுக்குள் 'ஆப்' என்ற தனி அறையில் வைக்கும். தண்டர்பேர்டை டெப்பிலிருந்து பிளாட்பேக்குக்கு மாற்றுகிறவர்கள் திகைப்பது இதனால்தான். திறந்தால் கணக்கும் இல்லை, அஞ்சலும் இல்லை. அஞ்சல் எங்கும் போகவில்லை. பழையது ஹோமில் புள்ளி-தண்டர்பேர்ட் அடைவில் இருக்கிறது, புதியது தன் அறையில் தேடுகிறது. பதற்றத்தில் பழைய அடைவைக் குப்பை என்று நினைத்து அழிப்பதுதான் உண்மையான ஆபத்து.

டெர்மினலில் இதையெல்லாம் தெளிவாகச் செய்யலாம். கட்டளைகளை இங்கே ஒலிப்பில் தருகிறோம், தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்து. முதலில் 'சூடோ ஆப்ட் அப்டேட்' ('சூடோ' என்றால் நிர்வாகி உரிமையோடு இயக்கு என்று பொருள்). இது எதையும் மேம்படுத்தாது, களஞ்சியத்தின் விலைப்பட்டியலைப் புதுப்பிக்கும், அவ்வளவே. புதிதாக நிறுவிய கணினியில் இதைச் செய்யாமல் போனால் 404 பிழை வரலாம். பட்டியலில் உள்ள பழைய பதிப்பு சர்வரிலிருந்து எடுக்கப்பட்டிருக்கும். நிறுவ 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால்' என்று தட்டிப் பொதியின் பெயரைக் கொடுக்கவும். அமைப்புக் கோப்புகளோடு நீக்க 'சூடோ ஆப்ட் பர்ஜ்', மிச்சத்துக்குப் பிறகு 'சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்'. கடவுச்சொல் தட்டும்போது மின்டில் நட்சத்திரக்குறி விழும். உபுண்டு 24.04இல் ஒன்றும் விழாது, விசைப்பலகை கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். பிளாட்பேக்கின் உபயோகமற்ற ரன்டைம்களை அள்ள 'பிளாட்பேக் அன்இன்ஸ்டால்', அதை அடுத்து இரண்டு சிறுகோடு போட்டு 'அன்யூஸ்ட்'. ஜிபி கணக்கில் இடம் திரும்பக் கிடைப்பது பெரும்பாலும் இந்த ஒன்றில்தான்.

அடிக்கடி இடிக்கும் சுவர்கள் இரண்டு. 'பூட்டைப் பெற முடியவில்லை' என்று ஆப்ட் சொன்னால் வேறொரு கருவி, பெரும்பாலும் மேம்பாட்டு மேலாளர், அதே நேரத்தில் வேலை செய்துகொண்டிருக்கிறது. பூட்டுக் கோப்பை அழிக்கச் சொல்லும் ஆலோசனை இணையம் முழுக்கக் கிடைக்கும். கேட்காதீர்கள். சில நிமிடம் காத்திருந்தால் தானே திறக்கும். நிறுவும் நடுவில் மின்சாரம் போனால் பொதி பாதி விரிந்து நிற்கும். அடுத்த முறை 'டிபிகேஜி தடைபட்டது' என்று வரும், எந்தக் கட்டளையைத் தட்டவேண்டும் என்பதையும் அந்தச் செய்தியே சொல்லும்: சூடோ டிபிகேஜி, இரண்டு சிறுகோடு கான்ஃபிகர், ஒரு சிறுகோடு ஏ. அதன் பிறகும் முனகினால் 'சூடோ ஆப்ட்', இரண்டு சிறுகோடு 'ஃபிக்ஸ்-புரோக்கன்', 'இன்ஸ்டால்'. ஆங்கிலம் என்பதற்காக அந்த வரியைப் படிக்காமல் மூடுகிறவர்கள்தான் மறுநிறுவல் வரை போகிறார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விபத்து, நீக்கப்படும் பட்டியலைப் படிக்காமல் ஒப்புக்கொள்வது. 2021இல் லைனஸ் டெக் டிப்ஸ் என்ற யூடியூப் சேனலின் காணொளியில் உலகமே பார்த்தது இதைத்தான். உபுண்டு வழிவந்த பாப் ஓஎஸ்ஸில் ஸ்டீம் என்ற விளையாட்டுச் செயலியை நிறுவப் போனார் லைனஸ், அந்தச் சமயத்துப் பொதிப் பிழையால் மேசைத்தளத்தையே நீக்கப்போவதாக ஆப்ட் எச்சரித்தது, 'ஆம், நான் சொல்கிறபடி செய்' என்ற வாசகத்தைத் தட்டி அவர் ஒப்புக்கொண்டார். திரையில் மிஞ்சியது டெர்மினல் மட்டும். அதன் பிறகு ஆப்டை உருவாக்குபவர்கள் அந்த வாசக வழியையே அடைத்துவிட்டார்கள். ஆனாலும் மின்டில் பைத்தான் என்ற நிரல்மொழியை 'எனக்கு எதற்கு' என்று நீக்கப் பார்ப்பவர்கள் உண்டு. மின்டின் சொந்தக் கருவிகளே பைத்தானில் எழுதப்பட்டவை, வரிசையாகப் பின்னால் போகும். பட்டியலில் சினமன், நெமோ (கோப்பு மேலாளர்), மின்ட் என்று தொடங்கும் பெயர்கள் தென்பட்டால் யோசிக்காமல் ரத்து செய்யவும்.

ஆப்இமேஜ் இந்தக் கடைக்கு வெளியே நிற்கும் சரக்கு. ஒற்றைக் கோப்பு. அதன் பண்புகளில் இயக்க அனுமதி கொடுத்தால் ஓடும், கோப்பை அழித்தால் போனது. திறக்காமல் 'ஃபியூஸ்' என்று முனகினால் 24.04 அடித்தளத்தில் லிப்ஃபியூஸ்2டி64 பொதி வேண்டும். தானாக மேம்படாது என்பதால் பிரவுசரைப் போன்றவற்றுக்கு உகந்தது அல்ல.

மென்பொருள் மேலாளரிடம் கேட்க ஒன்று இருக்கிறது: நீக்கும்போது 'அமைப்புகளையும் சேர்த்தா?' என்று ஒரு தேர்வுப்பெட்டி. சினாப்டிக்கில் அது என்றோ வந்துவிட்டது. வலச்சொடுக்கில் 'நீக்க', 'முழுதாக நீக்க' என்று இரண்டும் தனித்தனியாக இருக்கின்றன. மின்டின் மென்பொருள் மூலங்களில் பராமரிப்புப் பக்கத்திலும் மிச்ச அமைப்புகளைத் துடைக்கும் பொத்தான் உண்டு, தெரிந்தவர்கள்தான் அங்கே போவார்கள்.

பெரிதாக எதையாவது நீக்கும் முன் டைம்ஷிஃப்ட் கருவியில் கணினியின் அப்போதைய நிலையை ஒரு பிடிப்பாக (ஸ்னாப்ஷாட்) எடுத்துவைக்கவும். அது மின்டோடு வருவதுதான், ஆனால் முதல் முறை நீங்கள்தான் அமைக்கவேண்டும். இயல்பாக ஹோம் அடைவை அது சேர்க்காது, ஆகவே ஆவணங்களுக்கு வேறு நகல் தேவை. பிடிப்பு எடுக்க மறந்து எதையோ நீக்கிவிட்டால், சினாப்டிக்கின் கோப்பு மெனுவில் வரலாறு என்ற பகுதியைத் திறக்கலாம். சினாப்டிக் வழியாக எந்த நாளில் எந்தப் பொதி போனது என்று தேதிவாரியாக இருக்கும். ஆப்ட் வழியாகப் போனவை 'வார்' என்ற கணினி அடைவுக்குள் லாக், அதற்குள் ஆப்ட் என்ற இடத்தில் ஹிஸ்டரி கோப்பில் கிடைக்கும். அந்தப் பெயர்களை நகலெடுத்து 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால்' பின்னால் ஒட்டினால் திரும்ப வந்துவிடும்.