8-ம் 7-ம் இடம் மாறாத பசில்: மூன்று நட்சத்திரம்

மகளின் பிறந்தநாளுக்கு 120 ரூபாய்க்கு வாங்கிய பிளாஸ்டிக் சிலைடிங் பசில் இது. மூன்றுக்கு மூன்று கட்டம், எட்டு எண் வில்லைகள், ஒரு காலி இடம். வில்லைகள் வழுக்கிக்கொண்டு நகர்கின்றன, ஓரம் கையைக் கீறவில்லை. அதுவரைக்கும் குறையே இல்லை.

கலைந்த நிலையில்தான் பாக்கெட்டில் வந்தது. நாலு நாள் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் இதே வேலை. 6 வரை அழகாக வரும். கடைசி வரிசை 8, 7 என்று திரும்பி நிற்கும். “பொறுமையே இல்லடி உனக்கு” என்று அவளைத் திட்டிவிட்டு நான் உட்கார்ந்தேன். எனக்கும் அதே 8, 7.

நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். ‘வேலை செய்யவில்லை’ என்று மொட்டையாக எழுதினால் எங்கள் ஆபீசில் மதிக்க மாட்டார்கள். பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு தேடல் எழுதினேன். பலகை என்பது ஒன்பது இலக்கச் சரம். காலி இடத்துக்கு 0. வில்லைகளை மறந்துவிட்டு, காலி இடம்தான் நகர்கிறது என்று வைத்துக்கொண்டால் மேல், கீழ், இடம், வலம் என்று நாலே செய்கை. இடது ஓரத்திலிருந்து இன்னும் இடப்பக்கம் போகக் கூடாது என்பதை எழுத மறந்தேன். 0 மேல்வரிசையின் கடைசிக்குத் தாவியது. சரத்துக்குச் சுவர் தெரியுமா என்ன! அதைத் திருத்தி, பார்த்த நிலையை மறுபடி பார்க்காதே, 123456780 வந்தால் நில் என்று ஓடவிட்டேன்.

சில விநாடிதான். எங்கள் பலகையிலிருந்து நகர்த்தி எட்டக்கூடிய 1,81,440 நிலைகளையும் பார்த்து முடித்துவிட்டது, ஒன்றில்கூட விடை இல்லை. வில்லைகளை மொத்தம் 3,62,880 விதமாக அடுக்கலாம். இது அதில் சரிபாதி. எங்கள் பலகை விடை இல்லாத பாதியில் பிறந்திருக்கிறது. யாரோ வில்லைகளைக் கைக்கு வந்தபடி செருகி அனுப்பியிருக்கிறார்கள். இதன் 15 எண் அண்ணனிலும் இதே கதைதான் என்று 1879-லேயே கணித அறிஞர்கள் ஜான்சனும் ஸ்டோரியும் நிரூபித்திருக்கிறார்கள்.

கடைக்குக் கொண்டுபோனேன். “பாப்பா இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணட்டும்க்கா” என்றார்.

வீட்டுக்கு வந்து ஸ்குரூடிரைவரால் 7-ஐயும் 8-ஐயும் நெம்பி மாற்றிப் போட்டேன். 8-ன் மூலை லேசாகப் பெயர்ந்துவிட்டது. இனி எப்படிக் கலைத்தாலும் 31 நகர்த்தலுக்குள் தீர்க்க வழி உண்டு.

வாங்குகிறவர்கள் கடையிலேயே எண்களை வரிசையாக வாசித்து, பெரிய எண் சின்ன எண்ணுக்கு முன்னால் நிற்கும் ஜோடிகளை (பக்கத்துப் பக்கத்தில் இல்லாவிட்டாலும்) எண்ணுங்கள். ஒற்றைப்படை வந்தால் அது தீராத பலகை, வேறு பாக்கெட் கேளுங்கள்.