ஆச்சி, ஐயா மட்டும் இருக்கும் வீட்டுக்கு: காரைக்குடிப் பக்கம் இதய மருத்துவ வசதிகள்

இந்த முறை மூன்று வாரம் ஊரில் இருந்தபோது கவனித்தவை இவை. வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்குப் பயன்படும்.

பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மூலம் வீட்டுக்கே வருகின்றன. அருமையான ஏற்பாடு. வம்பு நாம் கொண்டுபோகும் மாத்திரைப் பையில்தான். வெளிநாட்டு அட்டையில் ஒரு பெயர், ஊர் அட்டையில் இன்னொரு பெயர். திருப்பிப் பார்த்தால் இரண்டிலும் பொடி எழுத்தில் ஒரே பிரஷர் மருந்து, அம்லோடிபின் 5 மி.கி. இரண்டையும் சேர்த்து விழுங்கினால் தலை சுற்றும், கால் வீங்கும். "இந்த மாத்திரை ஒத்துக்கலப்பா" என்று ஆச்சி மொத்தத்தையும் நிறுத்திவிடுவார், பிரஷர் எகிறும். எல்லா அட்டைகளையும் டாக்டரிடம் ஒன்றாகக் காட்டுங்கள்.

பிரஷர் பார்க்கும்போது திண்ணையில் கால்மேல் கால் போட்டிருந்தால் அளவு கூடித்தான் காட்டும். நாற்காலியில் சாய்ந்து 5 நிமிடம் பேசாமல் இருந்து, பாதம் தரையில் பட, கையை நெஞ்சுயரத்துக்கு மேசைமேல் வைத்த பிறகே பட்டை கட்ட வேண்டும்.

மாரடைப்புக்கு, 2023-இல் வந்த இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரை தருகிறார்கள்: ஆஸ்பிரின் 150 மி.கி. 2, குளோபிடோகிரெல் 75 மி.கி. 4, அட்டோர்வாஸ்டாடின் 10 மி.கி. 8. இவை ரத்தக்கட்டி மேலும் வளராமல் தடுக்கும், அடைப்பைத் திறக்காது. அதனால் உடனே ஈசிஜி. அதில் முழு அடைப்புக்கான அறிகுறி தெரிந்து, 2 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி (அடைப்பைப் பலூனால் திறக்கும் சிகிச்சை) நடக்காது என்றால், கட்டியைக் கரைக்கும் ஊசியை அருகிலேயே போட்டுக்கொண்டு மதுரைக்குப் போவதே சரி. "நேரா மதுரைக்கே கொண்டு போயிடுங்க" என்று போனில் அடம்பிடிக்காதீர்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வியர்வை, மூச்சுத்திணறல் மட்டும் வரலாம். வாய்வு என்று சுக்குத் தண்ணீர் கொடுத்துக் காத்திருப்பதில்தான் பாதி நேரம் போகிறது.

மீதி நேரத்தை வீடே தின்கிறது. நோயாளி இருப்பது வீட்டின் உள்ளே இரண்டாம் கட்டுப் பகுதியில். 108 வண்டி நிற்பது முகப்பில். நெஞ்சுவலிக்காரரை வளவு (உள்முற்றப் பகுதி) முழுக்க நடத்திக் கூட்டிவரக் கூடாது. பல வீடுகளுக்குப் பின்தெருவிலும் வாசல் உண்டு. 108-க்கு அந்தத் தெருப் பெயரைச் சொல்ல வேண்டும். பின்கதவுச் சாவி எங்கே தொங்குகிறது என்பது பக்கத்து வீட்டாருக்கும் தெரிந்திருக்கட்டும்.

பழைய ஈசிஜி தாள் நாளாக ஆக வெளுத்துவிடும். படமெடுத்து ஐயாவின் போனிலும் வைத்துவிடுங்கள்.