2 விழுக்காட்டைக் காட்டி 5,400 வெள்ளி வாங்கினார்கள்

குழந்தைக்காகச் சிகிச்சைக்கு அலைந்துகொண்டிருக்கும் சிங்கப்பூர்த் தம்பதிகளுக்கு, முக்கியமாக ஆண்களுக்கு இது. வெளியில் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கூச்சத்தை வைத்துத்தான் 'கருவள ஆலோசனை' என்று கடை விரித்திருக்கும் சிலர் பிழைக்கிறார்கள்.

எனக்குக் கல்யாணமாகி நான்கு வருடம். மனைவிக்கு அப்போது 37 வயது. தனியார் லேப் ஒன்றில் விந்துப் பரிசோதனை செய்தேன். எண்ணிக்கை சரி, ஓட்டம் சரி. 'மார்ஃபாலஜி', அதாவது சரியான வடிவமுள்ள விந்தணுக்கள், என்ற வரியில் மட்டும் 2%, பக்கத்தில் ஒரு சிவப்பு அம்புக்குறி. டாக்டரைப் பார்க்க ஒரு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் 'ஆண்களுக்கான கருவள ஆலோசனை, தமிழிலேயே பேசலாம்' என்ற விளம்பரம் ஃபேஸ்புக்கில் கண்ணில் பட்டது. போனேன்.

கடைத்தொகுதி ஒன்றின் மூன்றாம் மாடி. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெரியவர். தான் டாக்டர் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. லேமினேட் செய்த அட்டையை மேசையில் வைத்தார். இரட்டைத் தலை, ஊசித் தலை, ஒடிந்த கழுத்து, சுருண்ட வால் என்று வரிசையாகப் படங்கள். அடியில் கொட்டை எழுத்தில் 'நார்மல் 30%'.

"உங்களுக்கு வெறும் 2 தம்பி. இப்படியே ஐவிஎஃப் போனா காசத் தண்ணியில போட்ட மாதிரிதான். மொதல்ல இதச் சரி பண்ணுங்க." ஐவிஎஃப் என்றால் முட்டையையும் விந்தணுவையும் லேபில் சேர்த்துக் கருவாக்கும் சிகிச்சை.

மூன்று மாத 'பேக்கேஜ்' 2,700 வெள்ளி. மாத்திரை, பொடி, வாரம் ஒரு சிட்டிங். மூன்றே வாரத்தில் அவர்களே மறுபரிசோதனை செய்து 19% என்று தாள் நீட்டினார்கள். வீட்டுக்கு வந்து மனைவியிடம் காட்டியபோது இருவருக்கும் கண் கலங்கிவிட்டது. டாக்டர் நேரத்தைத் தள்ளிப்போட்டோம். '30-ஐத் தொட்டுவிடலாம்' என்று இன்னொரு 2,700.

ஆக, ஏழு மாதம் போய்விட்டது. கடைசியில் அரசாங்க மருத்துவமனைக்குப் போனோம். மாதிரியை ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், குளிரவும் கூடாது. டாக்சி ஏர்கானுக்குப் பயந்து குப்பியைச் சட்டைக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டு போனேன். முடிவு: 3%.

டாக்டர் அம்மா பழைய 2% தாளையும் 19% தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அளவுகோலை மாற்றியிருக்கிறார்கள்" என்றார். 30% என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 1992-ஆம் வருடக் கையேட்டில் இருந்த வரம்பு. பிறகு கணக்கிடும் முறை கறாராகிவிட்டது. தலை நல்ல முட்டை வடிவம், நுனியில் இருக்கும் தொப்பி தலையில் 40 முதல் 70% வரை மூடியிருக்க வேண்டும், வால் ஒடிந்து மடங்கியிருக்கக் கூடாது. கொஞ்சம் சந்தேகமாக இருந்தாலும் கழித்துவிடுவார்கள். அதனால் 2010 கையேட்டில் கீழ்வரம்பு 4%. 2021-லும் அதுவேதான். ஒரு வருடத்துக்குள் மனைவி கருவுற்று அப்பாவான ஆண்களை அளந்து எடுத்த எண் அது. அவர்களிலேயே 20-இல் ஒருவர் 4-க்குக் கீழே! லேப் கறாரான முறையில் எண்ணிய என் 2-ஐ இவர்கள் பழைய 30-ஓடு ஒப்பிட்டுப் பயமுறுத்தியிருக்கிறார்கள். அப்புறம் தாராளமாக எண்ணி 19 ஆக்கியிருக்கிறார்கள்.

2-க்கும் 3-க்கும்கூட வித்தியாசம் ஒன்றுமில்லை. 200 அணுக்களில் 4-க்குப் பதில் 6, அவ்வளவுதான். வேறு ஒருவர் எண்ணினால் வேறு எண் வரும். விந்தணு ஒன்று உருவாகவே ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும் என்பதால் மூன்று வாரத்தில் மாத்திரை எதையும் மாற்றியிருக்க முடியாது. இது தெரிந்திருந்தால் அந்த 19-ஐப் பார்த்ததுமே எழுந்து வந்திருப்பேன்.

எண்ணிக்கையும் ஓட்டமும் சரியாக இருந்து வடிவம் மட்டும் குறைந்தால், அதை மட்டும் வைத்துச் சிகிச்சையை முடிவு செய்வதில்லையாம். சாதாரண ஐவிஎஃப்-இல் அணு தானாகவே முட்டைக்குள் புக வேண்டும் என்பதால் வடிவம் மிகக் குறைவாக இருந்தால் கருத்தரிப்பு குறையலாம். அதற்குத்தான் இக்சி இருக்கிறது. லேபில் பார்த்து நல்லதாக ஒன்றைப் பொறுக்கி முட்டைக்குள் செலுத்திவிடுவார்கள். தொப்பியே இல்லாத உருண்டைத் தலைகள் மட்டும் இருப்பது போன்ற அபூர்வமான குறைகள் வேறு கதை. எனக்கு அது இல்லை.

என் தாளை டாக்டர் அம்மா அரை நிமிடம்கூடப் பார்க்கவில்லை. மனைவியின் வயதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். முட்டைக்கு வயதாவதுதான் பெரிய விஷயமாம். அவளுக்கு இப்போது 38. என் 2-ஐச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று அவளுடைய ஏழு மாதத்தைத் தின்றிருக்கிறேன்.

பணமும் வலிக்கிறது. தகுதியுள்ள குடிமக்களுக்கு அரசாங்க மருத்துவமனைகளில் ஐவிஎஃப் செலவில் 75% வரை அரசாங்கமே ஏற்கிறது. முதல் சுற்றுக்கு மெடிசேவ் என்ற நம் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து 6,000 வெள்ளி வரை எடுக்கலாம். நானோ 5,400-ஐ ரொக்கமாகக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

இன்னொன்று. சத்து மாத்திரைகளை இங்கே விற்க முன்அனுமதி தேவையில்லை. அதனால் 'சிங்கப்பூரில் விற்கிறார்கள், சோதித்துத்தான் விட்டிருப்பார்கள்' என்று நினைக்காதீர்கள். நான் அப்படித்தான் நினைத்தேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "ரிசல்ட் வந்துச்சே தம்பி" என்று அந்த வெள்ளைக் கோட்டுப் பெரியவர் 19% தாளையே காட்டினார். கேஸ் (CASE) என்ற பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். சரிப்படாவிட்டால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம். அங்கே இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், ஆகவே ரசீது, வாட்ஸ்அப், ரிப்போர்ட் எதையும் அழிக்காதீர்கள். பிரிக்காத இரண்டு டப்பா இன்னும் சமையலறை அலமாரியில்தான் இருக்கிறது. தூக்கிப் போடப் போனேன், "அது சாட்சி, வைங்க" என்று மனைவி பிடுங்கி வைத்துவிட்டாள்.