நாகசாகியில் ஒரு நாள்: தெற்கா, வடக்கா?

நாகசாகிக்கு ஒரு நாள் மட்டும் ஒதுக்கி வருபவர்கள் ரயில் நிலையத்து டிராம் நிறுத்தத்திலேயே முடிவெடுத்தாக வேண்டும். ஒரு பக்கம் போகும் வண்டி தெற்கே பழைய துறைமுகத்துக்கு. எதிர்ப்பக்கம் போவது வடக்கே உரகாமிப் பள்ளத்தாக்குக்கு. 1945 ஆகஸ்ட் 9 காலை 11.02-க்கு அணுகுண்டு வெடித்தது உரகாமிக்கு மேலேதான். இடையில் இருந்த குன்றுகள் தடுத்ததால் தெற்குப் பகுதி பெருமளவு தப்பியது. பழைய கட்டடங்களெல்லாம் தெற்கிலேயே இருப்பதற்கு இதுதான் காரணம்.

கண்ணுக்கு விருந்து வேண்டுமென்றால் தெற்குதான். குளோவர் தோட்டத்தில் ஸ்காட்லாந்து வணிகர் தாமஸ் குளோவர் 1863-ல் கட்டிய வீடு இன்னும் நிற்கிறது. ஜப்பானில் எஞ்சியிருக்கும் மேலைநாட்டுப் பாணி மர வீடுகளில் மிகப் பழையது அது. வாசலில் நின்றால் துறைமுகம் முழுவதும் தெரியும். மேட்டில் ஏற நகரும் படிகள் இருப்பதால் வயதானவர்களையும் தயங்காமல் அழைத்துப் போகலாம். டச்சு வணிகர்களை இரண்டு நூற்றாண்டுக்கு மேல் அடைத்து வைத்திருந்த தெஜிமா எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. சுற்றிலும் கடலைத் தூர்த்துவிட்டதால், அது தீவாக இருந்ததைக் கற்பனையில்தான் பார்க்க வேண்டும். சீனக் குடியிருப்பில் சம்போன் நூடுல்ஸ் பிரபலம். ஆனால் அதன் சாறு பன்றி, கோழி எலும்பில் கொதிப்பது. மேலே காய்கறி நிறையக் கிடக்கிறதே என்று சைவர்கள் நம்பிவிடக் கூடாது. காஸ்தெல்லா கேக்கிலும் முட்டை உண்டு.

வடக்கில் அழகு தேடிப் போகக் கூடாது. பலரும் அமைதிப் பூங்காவின் 9.7 மீட்டர் சிலை முன் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு. வெடிப்பு மையத்திலிருந்து சுமார் 800 மீட்டர் தொலைவில் சன்னோ கோயில் இருக்கிறது. அதன் கல் தோரணத்தில் ஒரு தூண் குண்டில் விழுந்துவிட, மற்றொன்று மட்டும் இன்றும் நிற்கிறது. கருகிப்போன கற்பூர மரங்கள் இரண்டும் மறுபடி துளிர்த்து அடர்ந்திருக்கின்றன. கூட்டமே இருக்காது. அணுகுண்டு அருங்காட்சியகத்துக்குக் குறைந்தது ஒன்றரை மணி நேரம் கொடுங்கள். சிறு பிள்ளைகளோடு வருபவர்கள் உள்ளே போகுமுன் யோசிக்க வேண்டும், காட்சிகள் கடுமையானவை.

அரை நாள்தான் என்றால் என் தேர்வு வடக்கு. துறைமுக அழகுக்கு ஜப்பானில் கோபே, யோகோஹாமா எனப் பல ஊர்கள் உண்டு. உரகாமிக்கு மாற்று கிடையாது.

முழு நாள் இருந்தால், முதலில் தெற்கே ஓவுரா தேவாலயத்துக்குப் போங்கள். கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டு இரண்டரை நூற்றாண்டு ஆன பின், 1865 மார்ச் 17 அன்று உரகாமி கிராமத்தவர் சிலர் இங்கே வந்து, தாங்கள் தலைமுறை தலைமுறையாக அந்த நம்பிக்கையை மறைவாகக் காத்து வருவதைப் பிரெஞ்சுப் பாதிரியார் பெத்திஜானிடம் சொன்னார்கள். அதற்காகவே மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உரகாமிக்காரர்கள் ஊரைவிட்டு ஜப்பானின் பிற பகுதிகளுக்குத் துரத்தப்பட்டார்கள். 1873-ல் தடை விலகி ஊர் திரும்பியவர்கள் தங்கள் கையாலேயே கட்டி எழுப்பியது உரகாமி தேவாலயம். குண்டு அதையும் அந்தச் சபையினரில் பெரும்பாலோரையும் அழித்தது. இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு பிற்பகலில் உரகாமிக்குப் போனால், சரிவில் உருண்டு விழுந்து அப்படியே கிடக்கும் மணிக்கூண்டின் முன்னால் சட்டென்று நகர முடியாது. 1959-ல் மீண்டும் கட்டிய கோபுரங்களில் ஒன்று வெகுகாலம் மணியில்லாமலே இருந்தது. அமெரிக்கக் கத்தோலிக்கர்கள் நிதி திரட்டி அளித்த புதிய மணியோடு, 2025 ஆகஸ்ட் 9 அன்று இரண்டும் சேர்ந்து ஒலித்தன.

குங்கன்ஜிமா தீவுப் படகுப் பயணத்தை இதே நாளில் நுழைக்காதீர்கள். அரை நாளை விழுங்கிவிடும். அலை உயர்ந்தால் தீவில் இறங்கவும் விடமாட்டார்கள். அருங்காட்சியகம் மாலையில் மூடிவிடுவதால் பகல் 2 மணிக்குள் வடக்கே கிளம்பிவிடுங்கள். அங்கிருந்து திரும்பும் வழியிலேயே 333 மீட்டர் உயர இனாசா மலைக்கு ரோப்கார் ஏறி நகரின் இரவு விளக்குகளைப் பார்த்துவிடலாம்.