லாடமா, வெறுங்குளம்பா? நுவரெலியாவின் சவாரிக் குதிரைகளுக்கு எது ஏற்றது

ஏப்ரல் சீசன் முடிந்து, கிரகரி வாவிக் கரையில் கூட்டம் கலைந்ததும், நுவரெலியாவில் குதிரை வைத்திருப்பவர்களிடையே ஒரு பேச்சு கிளம்பும். லாடத்தைக் கழற்றிவிட்டு வெறுங்குளம்போடு விட்டுப் பார்த்தால் என்ன? லாடம் அடிக்கத் தெரிந்த கைகள் இங்கே அதிகமில்லை. கூப்பிட்ட நாளில் அவர்கள் வருவதுமில்லை. ஒரு சாரார் லாடமில்லாத குதிரை மலையில் நடக்கவே நடக்காது என்று அடித்துச் சொல்கிறார்கள். இன்னொரு சாரார், வட கடலில் நெடுந்தீவில் கட்டற்றுத் திரியும் குதிரைகளுக்கு யார் லாடம் அடிக்கிறார்கள் என்று கேட்கிறார்கள். இரு தரப்பிலும் உண்மை இருக்கிறது. ஆனால் குளம்பு வளர எடுக்கும் காலத்தை இரு தரப்புமே கணக்கில் எடுப்பதில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சவாரிக்குப் போகும் மட்டக்குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு லாடத்தைக் கழற்றலாம். கழற்றினால் ஏப்ரல் இறுதியில் பின்கால்களில் தொடங்க வேண்டும். முன்கால்களைச் சில மாதங்கள் கழித்தே தொட வேண்டும். பந்தயக் குதிரைகள் இந்தக் கணக்கில் வராது. 1875இல் அமைந்த நம் பந்தயத் திடலில் ஓடும் குதிரைகளின் வேகமும் பயிற்சியும் வேறு, அவற்றின் லாடமும் வேறு.

முதலில் நெடுந்தீவு வாதத்தைப் பார்ப்போம். அங்கே திரியும் குதிரைகள் அந்நியர் ஆட்சிக் காலத்தில் கொண்டுவரப்பட்டவற்றின் வழிவந்தவை. லாடமும் இல்லை, சேணமும் இல்லை. அவை மிதிப்பது முருகைக்கல் தரை. ஆண்டின் பெரும்பகுதி வெயிலில் காய்ந்து கிடக்கும் பூமி. மேய்ச்சலுக்கும் தண்ணீருக்கும் நாளெல்லாம் அவை நடக்கின்றன. வளரும் குளம்பு நடையிலேயே தேய்ந்துவிடுகிறது. முதுகில் ஆளும் இல்லை. நம் குதிரையோ 1868 மீற்றர் உயரத்தில், மழையிலும் பனிமூட்டத்திலும் வாழ்கிறது. இரவு முழுவதும் ஈரமான லாயத்தில், பல இடங்களில் தன் சாணத்திலும் மூத்திரத்திலுமே நிற்கிறது. பகலில் தார் வீதியிலும் சல்லிக்கல் பாதையிலும் ஆளைச் சுமந்து நடக்கிறது. நெடுந்தீவிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் காய்ந்த தரையும் ஓயாத நடையும்தான். அவை இரண்டும் இல்லாமல் லாடத்தை மட்டும் கழற்றுவது குதிரைக்குச் செய்யும் கொடுமை.

லாடத்தோடு தொடர்வது

இதை மட்டமான வழி என்று ஒதுக்க நான் தயாராக இல்லை. தோட்டப் பாதைகளில் உடைந்த கருங்கல் துருத்திக்கொண்டு நிற்கிறது. நாள்தோறும் அந்த வழியாக ஏற்ற இறக்கங்களில் சுமையோடு போகும் குதிரைக்கு இரும்பு பெரிய பாதுகாப்பு. லாடம் அடித்த அன்றே குதிரை வேலைக்குப் போகலாம். சீசன் வருமானத்தை நம்பி வாழும் குடும்பத்துக்கு அது சின்ன விஷயமல்ல.

ஆனால் லாடத்துக்கு ஒரு கெடு உண்டு. குளம்பின் ஓடு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீற்றர் வரை வளர்கிறது. இரும்பு அடித்திருப்பதால் அது தேய வழியில்லை. ஆறு வாரத்துக்கு ஒருமுறையாவது லாடத்தைக் கழற்றி, வளர்ந்ததைச் சீவி, மறுபடி அடிக்க வேண்டும். ஆள் கிடைக்கவில்லை என்று மூன்று மாதம், நான்கு மாதம் விட்டுவிடும்போதுதான் கேடு தொடங்குகிறது. முனை நீண்டு, குதிகால் முன்னோக்கிச் சரிந்து, கால் தசைநாண்களில் இழுவிசை கூடுகிறது. ஆணி தளர்ந்து லாடம் ஒரு பக்கம் ஆடுகிறது; கல்லில் மாட்டினால் குளம்பின் ஓட்டையும் பெயர்த்துக்கொண்டு போகிறது.

அப்படி விடப்பட்ட காலைத் தூக்கிப் பாருங்கள். அடியில் நடுவே, ரப்பர் பதத்தில் இருக்க வேண்டிய முக்கோணம் சுருங்கி, குதிகால்கள் இரண்டும் நெருங்கி வந்திருக்கும். முக்கோணத்தின் நடுப் பள்ளம் ஆழமான வெடிப்பாக மாறியிருக்கும். அதற்குள் பஞ்சைச் செலுத்தி எடுத்தால் கறுப்பாக ஒரு பசை ஒட்டிக்கொண்டு வரும். அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவருக்கு மறக்காது. ஈரத்தில் வளரும் கிருமிகள் முக்கோணத்தைத் தின்கின்றன என்பதற்கு அதுவே அடையாளம். குதிரை நடக்கும்போது குதிகால் சற்றே விரிந்து சுருங்க வேண்டும். இரத்த ஓட்டத்துக்கும் அதிர்ச்சியைத் தாங்குவதற்கும் அந்த அசைவு உதவுகிறது. இரும்பும் ஆணியும் அதைக் கட்டிப்போடுகின்றன. இன்னொன்று, நனைந்த தார் வீதியில் தேய்ந்த இரும்பு வழுக்கும். நுவரெலியாவில் நனையாத வீதியை ஆண்டில் எத்தனை நாள் பார்க்கிறோம்?

நான்கையும் ஒரே நாளில் கழற்றுவது

செலவு குறைவு, ஒரே தடவையில் வேலை முடிந்துவிடும். அதனால்தான் பலர் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதல் நாள் புல்வெளியில் குதிரை நன்றாகவே நடக்கும். மூன்றாம் நாள் கல் பாதையில் இறக்கினால் எடுத்துவைக்கும் எட்டு குறுகி, தலையைத் தாழ்த்தி, ஓரத்துப் புல்லைத் தேடி ஒதுங்கும். அதைப் பிடிவாதம் என்று நினைத்து அடிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. பல வருடம் இரும்பின் மேல் நின்ற காலின் அடித்தோல் மெலிந்திருக்கிறது. ஒவ்வொரு கல்லும் அதன் வழியே உள்ளே குத்துகிறது. வலிக்கும் குதிரை குதிகாலை ஊன்றாமல் முனையை ஊன்றி நடக்கும். குதிகால் ஊன்றினால்தான் முக்கோணமும் அதற்கு மேலுள்ள மெத்தைத் திசுவும் பலம் பெறும். ஆக, வலியோடு நடத்தினால் எதற்காகக் கழற்றினோமோ அது நடக்காது.

நல்ல தடித்த அடிக்குளம்பும் அகன்ற குதிகாலும் உள்ள இளம் குதிரைக்கு, முழு ஓய்வும் மெத்தென்ற மேய்ச்சல் நிலமும் இருந்தால், நான்கையும் ஒன்றாகக் கழற்றலாம். கழற்றிய மறுவாரமே சவாரிக்கு விட வேண்டிய நிலையில் உள்ளவர்கள் இந்தப் பக்கமே போகக்கூடாது.

பின்கால் முதலில், முன்கால் பிறகு

குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்கால்கள் சுமக்கின்றன. பின்குளம்புகளுக்குப் பாரமும் குறைவு, அவை இயல்பாகவே குழிவாகவும் பலமாகவும் இருக்கும். அதனால் பின்கால்களில் தொடங்கினால் குதிரை பெரும்பாலும் தடுமாறாது. இலேசான வேலையைக்கூடத் தொடரலாம்.

காலத்தைப் பொறுத்தவரை, காலின் மயிர் முடிந்து குளம்பு தொடங்கும் மயிர்க்கோட்டில் முளைக்கும் புது ஓடு முனையில் தரையைத் தொட 9 முதல் 12 மாதம் ஆகிறது. ஏப்ரல் இறுதியில் தொடங்கினால் அடுத்த சீசனுக்குள் பின்கால்களில் ஏறத்தாழ முழுக்கப் புதிய குளம்பு வந்துவிடும். ஜனவரியில் தரை காய்ந்திருக்கிறதே, அப்போது கழற்றலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அப்போது கழற்றினால் குளம்பு பாதிகூட மாறாத நேரத்தில் சீசன் வந்து தலையில் விழும். மே மாதத்திலிருந்து தென்மேல் பருவமழை குளம்பை ஊறவைத்து மென்மையாக்கும் என்பது உண்மை. ஆனால் சவாரி குறையும் காலமும் அதுதான். ஈரத்தை வைக்கோலாலும் மரத்தூளாலும் சமாளிக்க முடியும். ஓய்வைத்தான் வேறு மாதத்தில் வாங்க முடியாது.

கழற்றும் முறையிலும் கவனம் வேண்டும். ஓட்டின் வெளிப்பக்கம் மடங்கியிருக்கும் ஆணி நுனிகளை அரத்தால் தேய்த்து நிமிர்த்திய பிறகே குறடு போட வேண்டும். குதிகால் பக்கத்தில் தொடங்கி, முனையை நோக்கி உள்வாட்டத்தில் இழுக்க வேண்டும். அவசரத்தில் முறுக்கினால் ஆணித்துளையோடு ஓடு பிளக்கும். கழற்றியதும் அடிக்குளம்பைக் கத்தியால் சீவி வெண்மையாக்கும் வழக்கம் இங்கே இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். அந்தக் காய்ந்த தோல்தான் இனி குதிரைக்குச் செருப்பு. ஓட்டின் வெளிவிளிம்பை மட்டும் அரத்தால் உருட்டிவிட்டால் கல் பட்டுச் சிதறாது. பிறகு நான்கு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சமாகத் தேய்த்துவிட்டால் போதும்.

முன்காலை எப்போது கழற்றுவது? பின்கால்கள் கல் பாதையில் தயங்காமல் ஊன்றத் தொடங்கிய பிறகு. பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டெம்பரில். கையளவு நிலத்தில் ஆற்றுக் கூழாங்கல்லை அடி கனத்துக்குப் பரப்பி, தண்ணீர்த் தொட்டியை அதன் நடுவில் வைத்துவிடுங்கள். லாடமே அறியாத பழைய கிரேக்கத்தில், குளம்பு உறுதிப்பட உருண்டைக் கல் பரப்பிய முற்றத்தில் குதிரையை நிறுத்தச் சொன்னார்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் ஆகியும் அதைவிட மலிவான மருந்து வரவில்லை. கூழாங்கல் கூர்மையில்லாமல் அடியை அழுத்தும், தண்ணீரும் தேங்காது.

புதிய வளர்ச்சியை ஓட்டிலேயே பார்க்கலாம். மயிர்க்கோட்டுக்குக் கீழே விரலகலத்துக்குப் புது ஓடு சற்றே செங்குத்தாக, இறுக்கமாக இறங்கும். பழையது வெளியே விரிந்து நிற்கும். இரண்டுக்கும் இடையே மெல்லிய வரம்பு ஓடும். அந்த வரம்பு மாதாமாதம் கீழே இறங்குவதைப் பார்ப்பதில் எனக்கு அலுப்பே வந்ததில்லை.

காலுறை

ரப்பரில் செய்த குதிரைக் காலுறை இப்போது வெளிநாடுகளில் பரவலாகியிருக்கிறது. வேலைக்குப் போகும்போது மாட்டி, வந்ததும் கழற்றிவிடலாம். இடைக்காலத்தில் முன்கால்களுக்கு இதைவிட நல்ல துணை இல்லை. ஆனால் தருவித்துத்தான் வாங்க வேண்டும். சீவிய பிறகு குளம்பின் நீள அகலத்தை மில்லிமீற்றரில் அளக்காமல் வாங்கினால் பணம் வீண். நம் சேற்றில் உள்ளே மண் புகுந்து குதிகாலை உரசும். சரிவான ஈரப்புல்லில் வழுக்கும். ஒரு சோடி வாங்கி இரண்டு குதிரைக்கு மாற்றி மாட்டும் யோசனை வேண்டாம். அளவு ஒத்துப்போவது அபூர்வம்.

தீனி

எந்த வழியைத் தேர்ந்தாலும் வயிறு கெட்டால் குளம்பும் கெடும். நம் மேட்டு நிலங்களில் பரவியிருக்கும் கிகுயு புல்லில் ஒக்சலேட் அதிகம். அது கல்சியத்தை உடலில் சேரவிடாமல் கட்டிவிடுகிறது. அதோடு தவிட்டை வாரிக் கொட்டினால் அதிலுள்ள பொஸ்பரஸ் மேலும் கெடுக்கும்; நாளடைவில் எலும்பே பலவீனமாகி, முகம் வீங்கும். தவிட்டைக் குறைத்து, கல்சியம் எவ்வளவு சேர்ப்பது என்று மிருக வைத்தியரிடம் கேளுங்கள். குளம்பு வளர்ச்சிக்குச் செம்பும் துத்தநாகமும் தேவை. பயோட்டின் என்ற விற்றமினைக் கொடுப்பவர்கள் பலன் தெரிய மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி விழும் காலைகளில் மேய்ச்சலுக்கு அவசரப்பட வேண்டாம். கடுங்குளிர் இரவில் புல் தன் சர்க்கரையைச் செலவிடாமல் தேக்கிவைக்கிறது. கொழுத்த மட்டக்குதிரைக்கு அது குளம்பு அழற்சியைக் கொண்டுவரலாம். மரக்கறித் தோட்டங்களில் கழித்துப் போடும் லீக்ஸ் இலையை ஒருபோதும் போடாதீர்கள். வெங்காய இனம் குதிரையின் இரத்தத்தையே சிதைக்கும்.

குளம்பைத் தொட்டால் சூடாக இருந்து, கணுக்காலின் பின்புறம் நாடி தெறித்து, குதிரை முன்கால்களை நீட்டிப் பின்னால் சாய்ந்து நின்றால், அது லாடம் கழற்றிய வலி அல்ல. அன்றே வைத்தியரை அழையுங்கள். முன்பு அழற்சி வந்த குதிரை, அடிக்குளம்பு தட்டையாகி விரலால் அழுத்தினாலே நெகிழும் குதிரை, வயதாகி மூட்டு தேய்ந்த குதிரை ஆகியவற்றுக்கு எக்ஸ்ரே பார்க்காமல் லாடத்தைக் கழற்றக் கூடாது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடம் இங்கிருந்து ஒரு பஸ் தூரத்தில்தான் இருக்கிறது. நேரில் போய் ஆலோசனை கேட்கலாம்.

மார்ச் மாதத்தில், சீசனுக்கு முன்பாக, குதிரையை ஆளில்லாமல் சல்லிக்கல் பாதையில் நடத்திப் பாருங்கள். குதிகால் முதலில் தரையைத் தொட்டு, காது இலேசாக ஆடியபடி நேராக வந்தால் லாடம் வேண்டியதில்லை. ஓரத்துப் புல்லைத் தேடினால் முன்கால்களுக்கு மட்டும் லாடம் அடித்துச் சீசனைக் கடத்திவிட்டு, மே மாதத்தில் மறுபடி கழற்றலாம். பின்கால்கள் வெறுங்குளம்பாகவே இருக்கட்டும்.